பதினோரு மாதத்துக்கு ஓர் அறை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பி பிளாக் தரைத்தளத்தில் பூட்டிக் கிடக்கும் அறையைக் கூரியர்காரருக்குக் குடோனாக விடுவதா, ஓவியம் படித்துவிட்டு வேலை செய்ய இடமில்லாமல் இருக்கும் ஓர் இளைஞருக்குக் கொடுப்பதா என்று அடுத்த கூட்டத்தில் நீங்கள் ஓட்டுப் போடப் போகிறீர்கள். நான் இரண்டாவது கட்சி. நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகம் இதையே ஐம்பது வருடத்துக்கு மேலாகச் செய்கிறது. அதைச் சொல்லிவிட்டு நம் அறைக்கு வருகிறேன். நான் அங்கே போனதில்லை; படித்ததும் படத்தில் பார்த்ததும்தான்.

ஹார்லெம், கறுப்பின மக்களின் வாழ்வோடும் கலையோடும் சேர்த்தே பேசப்படும் பகுதி. அங்கே 1968-ல், வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில் 'ஸ்டுடியோ மியூசியம் இன் ஹார்லெம்' தொடங்கியது. பெரிய மியூசியங்கள் கறுப்பினக் கலைஞர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாத காலம். வில்லியம் டி. வில்லியம்ஸ் என்ற ஓவியர் ஒரு யோசனை சொன்னார்: படம் மாட்டினால் மட்டும் போதாது, கலைஞர்கள் உள்ளேயே உட்கார்ந்து வேலை செய்ய இடம் வேண்டும். பெயரில் 'ஸ்டுடியோ' இருப்பது அதனால்தான்.

பெரும்பாலும் வருடத்துக்கு மூன்று பேர். வேலை செய்ய இடம், கையில் ஓர் உதவித்தொகை, பதினோரு மாதம். நம் ஊர் வாடகை ஒப்பந்தம் மாதிரி இருக்கிறதே என்று சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். முடிவில் அவர்கள் செய்த புதிய வேலைகளைக் கண்காட்சியாக வைக்கிறார்கள்.

1979-ல் இவர்களுக்கு 125-வது தெருவில் ஒரு கட்டடத்தையே நன்கொடையாகக் கொடுத்தது யார் தெரியுமா? நியூயார்க் பாங்க் ஃபார் சேவிங்ஸ், ஒரு சேமிப்பு வங்கி. எங்கள் பாங்க்கில் உடைந்த நாற்காலியைக் கழித்துக்கட்டவே மூன்று கையெழுத்து வேண்டும்! 1982-ல் அங்கே குடிபோனார்கள். பிறகு அதை இடித்துப் புதிதாகக் கட்டி, 2025 நவம்பரில் திறந்தார்கள். இடையில் கண்காட்சி நின்றுவிடவில்லை. 2019 முதல் சில வருடங்கள், மோமா பிஎஸ்1 என்ற இடத்தில் நடத்தினார்கள். அது ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். 'பிஎஸ்' என்றால் பப்ளிக் ஸ்கூல்தான்.

அங்கே என்ன வைத்தார்கள்? 2019-ல் சபாலாலா செல்ஃப் என்ற பெண். ஹார்லெமிலேயே பிறந்தவர். துணிகளை வெட்டித் தைத்து மனித உருவங்களை உண்டாக்குகிறார். தையல் மிஷின் ஓட்டத் தெரிந்த நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். 2022-ல் குவாலீஷா வுட். செல்ஃபி படங்களையும் கம்ப்யூட்டர் திரையையும் ஜக்கார்டு தறியில் நெய்து, மேலே கையால் மணி கோக்கிறார். எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில வீடியோக்கள் தலைகால் புரியவில்லை.

ஆனால் கெஹிண்டே வைலி கதையை மட்டும் கேளுங்கள். 2001-02-ல் அங்கே இருந்த இளைஞர். ஒருநாள் தெருவில் கசங்கிய காகிதம் ஒன்று கிடைத்தது. போலீஸ் எடுத்த, ஒரு கறுப்பின வாலிபனின் போட்டோ. ராஜாக்களையும் பிரபுக்களையும் வரைந்த பழைய ஐரோப்பிய ஓவியங்கள் அவருக்கு அத்துபடி. இவனும் ஒரு முகம்தானே, இவனை இந்த ஒரு மாதிரியில்தான் காட்ட வேண்டுமா என்று யோசித்தார். அந்தத் தெருவில் போகிற சாதாரண வாலிபர்களையே கூப்பிட்டு, ராஜாக்களின் தோரணையில் நிற்கவைத்து வரைய ஆரம்பித்தார். 2018-ல் திறக்கப்பட்ட ஒபாமாவின் உருவப்படம் அவர் வரைந்தது. அங்கே அறை கிடைக்காமல் போயிருந்தால் அந்தக் காகிதம் குப்பை வண்டிக்குத்தான் போயிருக்கும்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். கூரியர்காரர் மாதம் 9,000 ரூபாய் தருகிறார். நாம் 144 வீடு. வீட்டுக்கு மாதம் 62 ரூபாய் 50 காசு. பதினோரு மாதத்துக்கு 687 ரூபாய் 50 காசு. இது சின்னத் தொகை என்று நான் சொல்லவில்லை. பென்ஷனில் குடும்பம் நடத்துபவர்கள் இங்கே நிறையப் பேர், நானும் ஒருவன். அதனால்தான் காசு வரைக்கும் சொல்கிறேன்.

டர்பன்டைன் நாற்றம் வருமே என்று ஏ பிளாக் மாமி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். இரவு எட்டு மணிக்கு மேல் கூடாது என்றும் எழுதலாம். கரண்டுக்குத் தனி மீட்டர். ஆளைத் தேர்வு செய்யும் வேலையை மட்டும் கமிட்டி செய்யக் கூடாது, நான் உட்பட. கலை படித்த இரண்டு பேர் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள், அவர்கள் செய்யட்டும். வருடக் கடைசியில் கம்யூனிட்டி ஹாலில் மூன்று நாள் கண்காட்சி. நாம் உதவித்தொகை தர முடியாது, இடம்தான் தர முடியும். வருகிறவர் பெரிய ஆளாவார் என்று என்னால் உத்தரவாதக் கையெழுத்துப் போட முடியாது.

அறைச் சாவி அலுவலகத்தில் இருக்கிறது. ஓட்டுப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். ட்யூப்லைட் மட்டும் எரியவில்லை, டார்ச் தேவையென்றால் வாட்ச்மேனிடம் கேளுங்கள்.