கிளினிக் அட்டை யார் பேரில் இருக்கிறது?

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் காம்பராவில் உள்ள கிளினிக் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். அம்மாவின் கர்ப்பகால அட்டை இருக்கும். பிள்ளைகளின் ஊசிப் புத்தகம் இருக்கும். அப்பா பேரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

"ஆம்பளைங்களுக்கு ஊசின்னா பயம்" என்று சிரிக்கிறோம். பயமும் உண்டு, வீறாப்பும் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை. பெண் பிள்ளைத்தாச்சியானால் மிட்வைப் வீடு தேடி வருகிறார். கிளினிக்கில் பிரஷர், நிறை எல்லாம் பார்க்கிறார்கள். பிறகு பிள்ளைக்கு ஊசி. போய்ப் போய் அந்த வாசல் பழகிவிடுகிறது. கவ்வாத்து வெட்டுகிற, மருந்தடிக்கிற ஆணைத் தேடி யார் வருகிறார்? பிரஷரும் சீனியும் ஆரம்பத்தில் வலிக்காத வியாதிகள். தலையிடித்தால் இரண்டு பெனடோல், உடம்பு வலித்தால் சாராயம். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இலங்கையில் ஆண்களின் சராசரி ஆயுள் பெண்களைவிட 6 வருடமளவு குறைவு. குடி, புகை, விபத்து எல்லாம் அதில் சேரும். காலம் கடந்து போவதும் சேரும்.

அப்படியென்றால் பெண்கள் தங்களைக் கவனித்துக்கொள்கிறார்களா? இல்லை. அவள் போனது பிள்ளைக்காக. கடைசிப் பிள்ளை ஸ்கூலுக்குப் போனதும் அவளும் நின்றுவிடுகிறாள். 35 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் கிளினிக் நாள் வேலை நாள். போனால் அன்றைக்குப் பேர் இல்லை. மார்பில் கட்டி என்பதைப் புருஷனிடமே சொல்லக் கூசுகிறவள், தமிழ் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வாள்?

ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011இல் தொடங்கின. 35 வயதைத் தாண்டிய ஆண், பெண் இருபாலாருக்கும் பிரஷரும் சீனியும் அங்கே சும்மா பார்க்கிறார்கள். அங்கும் வருவது அதிகம் பெண்கள்தான். பல தோட்டங்களில் ஆண்களின் கணக்கு வேலை மத்தியானத்தோடு முடிகிறது, கிளினிக்கோ காலையில். இதை யாரும் யோசிக்கவில்லை.

ஆகவே நிர்வாகத்தோடு பேசும்போது சம்பளத்தோடு இதையும் வையுங்கள்: வருடத்தில் ஒரு சோதனை நாளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் முழுப் பேர். சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தோட்டக் கமிட்டி பேரில் கடிதம் எழுதுங்கள். ஆண்களுக்குப் பின்னேரம் பிரட்டுக்களத்திலேயே பிரஷர், சீனி பார்க்க ஆள் அனுப்பும்படி கேளுங்கள். தமிழ் பேசுகிறவராக இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

அவர்கள் வருகிற அன்றைக்குத் தலைவர்மார் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்து நீட்டுங்கள்.