கொதிக்கும் பாறையும் யாத்திரை வழியும்: ஜப்பானின் ஹிடா மலைத்தொடர்



நிலமும் நம்பிக்கையும் சேரும் இடம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஜப்பான் என்றதும் ஃபூஜிதான் வரும் என்று பலர் நினைத்திருக்கலாம். நாட்காட்டிப் படங்களிலேயே ஃபூஜியைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அதற்கு வடமேற்கே, ஜப்பான் கடலுக்குப் பக்கத்தில் எழும் ஹிடா மலைத்தொடரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் தத்தெயாமா என்னும் ஒரு மலைக்கூட்டத்தை.

ஹொன்ஷூ தீவின் நடுவே தொயாமா, கிஃபு, நகானோ, நிகாத்தா ஆகிய நான்கு மாநிலங்களைத் தொட்டுக் கிடக்கிறது இந்தத் தொடர். உயர்ந்த சிகரமான ஒகுஹொத்தாகா 3,190 மீட்டர். 1881இல் வெளியான ஒரு பயணக் கையேட்டில் வில்லியம் கௌலண்ட் என்ற ஆங்கிலேயர் இதை ஆல்ப்ஸுடன் ஒப்பிட்டு எழுதினார். 1896இல் பாதிரியார் வால்டர் வெஸ்டன் எழுதிய நூல் ஆல்ப்ஸ் என்ற பெயரை நிலைநிறுத்தியது. இரவல் பெயர்தான். ஆனாலும் ஜப்பானியரே இன்று ‘வட ஆல்ப்ஸ்’ என்கிறார்கள்.

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து புறப்படும் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைச்சுவரில் முட்டிப் பனியாகக் கொட்டுகிறது. தத்தெயாமாவின் முரோதோ பீடபூமியில் வசந்தத்தில் சாலை திறக்கும்போது இருபுறமும் பனிச்சுவர் சில ஆண்டுகளில் 20 மீட்டரை எட்டும். எட்டாம் நூற்றாண்டில் இங்கே ஆளுநராக வந்த கவிஞர் யகமொச்சி, கோடையிலும் கரையாத இந்தப் பனியைக் கண்டு வியந்து பாடினார். அறிவியல் ஒப்புக்கொள்ள நேரமாயிற்று. 2012இல்தான் தத்தெயாமாவிலும் பக்கத்துச் சுருகி மலையிலும் உள்ள மூன்று பனித்திட்டுகள் உண்மையான, நகரும் பனியாறுகள் என்று ஜப்பானியப் பனியியல் அறிஞர்கள் ஏற்றார்கள்.

மேலே பனி, கீழே நெருப்பு. குரோபே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெளித்தெரியும் கிரானைட்டின் வயது சுமார் 8 லட்சம் ஆண்டு என்று 2013இல் வெளியான ஆய்வு சொன்னது. பூமியின் மேற்பரப்பில் அறியப்பட்ட கிரானைட்டுகளில் அதுவே மிக இளையது. கிரானைட் என்பது தரைக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல இறுகி உருவாவது. அது இவ்வளவு விரைவில் வெளியே தலைகாட்ட வேண்டுமானால், நிலம் வேகமாக உயர்ந்திருக்க வேண்டும். ஆறும் பனியும் மேலிருந்த சுமையை அதே வேகத்தில் அரித்திருக்க வேண்டும். இரண்டும் நடந்தன. அதனால்தான் குரோபே பள்ளத்தாக்கு அவ்வளவு செங்குத்து.

அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. 1936 முதல் 1940 வரை குரோபேயில் மூன்றாம் மின்நிலையத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது பாறையின் வெப்பம் 160 பாகை செல்சியஸைத் தாண்டியது. துளைக்குள் வைத்த வெடிமருந்து திரி கொளுத்தாமலேயே வெடித்தது. குடைபவர் மீது பின்னால் நின்றவர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். பனிச்சரிவு தொழிலாளர் விடுதியையே தூக்கியெறிந்தது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே உழைத்தவர்களில் கொரியர் பலர். அந்தப் பாறையின் இளமைக்கு அவர்கள் கொடுத்த விலை இது.

இதே மலைத்தொடரின் சூட்டைத்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவிகள் நரகம் என்றார்கள். தத்தெயாமாவின் சிகரங்கள் எரிமலைகள் அல்ல. எரிமலை அவற்றின் மேற்குச் சரிவில் இருக்கிறது. அங்கே ஜிகோக்குதானி, அதாவது நரகப் பள்ளத்தாக்கு. நீராவி வெடிப்புகளால் பிளந்த குழிகள், கந்தக நாற்றம், வெளுத்த மண், குமுறும் சேற்றுக் குட்டைகள். பக்கத்தில் இரும்புத் துருவால் சிவந்த குளம். அது இரத்தக் குளம். எதிரே ஊசி ஊசியாக நிற்கும் சுருகி, பாவிகள் ஏற்றி வதைக்கப்படும் முள்மலை. பௌத்த நூல்கள் வருணித்த நரகத்துக்கு நிலமே படம் வரைந்து வைத்திருந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதைத்தொகுப்பான கொன்ஜாக்கு மொனோகதாரியில் ஒரு கதை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு துறவி இளம்பெண் ஒருத்தியைச் சந்திக்கிறார். அவள் உயிரோடு இல்லை. தகப்பன் புத்தர் சிலை செய்து விற்றவன். அந்தப் பணத்தில் உண்டு உடுத்ததால் இங்கே விழுந்தேன், என் பொருட்டுத் தாமரைச் சூத்திரத்தைப் படியெடுக்கச் சொல்லுங்கள் என்கிறாள். குற்றம் தகப்பனுடையது, தண்டனை மகளுக்கு. இந்த மலையின் சமய வரலாறு முழுவதிலும் இந்தக் கோணல் ஓடுகிறது.

மலையை யாத்திரைக்குத் திறந்தவன் சாயெக்கி நோ அரியோரி என்பது மரபு. 701இல் தொலைந்த வெள்ளைப் பருந்தைத் தேடிப்போய், கரடி ஒன்றை அம்பால் அடித்தான். குருதித் தடத்தைத் தொடர்ந்து குகைக்குள் நுழைந்தால் மார்பில் அம்போடு அமிதாப புத்தர் நின்றார். அடிவாரத்து அஷிகுராஜியில் 33, இவாகுராஜியில் 24 என யாத்திரிகர் மடங்கள் எழுந்தன. அவற்றை நடத்திய ஒஷிகள் குளிர்காலத்தில் தத்தெயாமா மண்டலம் என்னும் நான்கு சுருள் ஓவியத்தைச் சுமந்து ஊர் ஊராகப் போவார்கள். ஒரு வீட்டுச் சுவரில் மாட்டி, நரகத்தையும் சொர்க்கத்தையும் சுட்டிக்காட்டிக் கதை சொல்வார்கள். கோடையில் ஆண்கள் ஏற வருவார்கள்.

ஆம், ஆண்கள் மட்டும். பெண்களுக்கு மலை தடை. ஏறும் வழியில் ஒரு சரிவில் கற்கள் அறுத்த மரம்போல நீள நீளமாகக் கிடக்கின்றன. பெண்களுக்கென ஒரு கோயில் கட்டக் கொண்டுவந்த மரங்கள் ஒரே இரவில் கல்லாகிவிட்டன என்பது கதை. எரிமலைப் பாறை ஆறி இறுகும்போது தூண்தூணாகப் பிளந்தவை அவை. பாறை தன் இயல்பில் பிளந்தது. அதைப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தியவர் மனிதர்.

இரத்தக் குளத்திலும் அதே கணக்கு. மாதவிடாயும் பேறுகாலக் குருதியும் நிலத்தை அசுத்தமாக்குவதால் பெண்கள் அதில் விழுவார்கள் என்று சீனத்தில் எழுந்த ஒரு போலிச் சூத்திரம் சொன்னது. ஒஷிகள் அந்தப் பயத்தையும் விற்றார்கள், பரிகாரத்தையும் விற்றார்கள். சூத்திரத்தின் படிகளைக் காணிக்கையோடு வாங்கிவந்து குளத்தில் இட்டார்கள். இதைப் பக்தி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட என்னால் முடியவில்லை.

ஆனால் அதே அஷிகுராஜிதான் பெண்களுக்காக ஒரு சடங்கையும் வைத்திருந்தது. பெயர் நுனோபாஷி, துணிப்பாலம். இலையுதிர் காலச் சம இரவு நாளில் பெண்கள் வெள்ளாடை உடுத்தி என்மா மண்டபத்தில் கூடுவார்கள். என்மா வேறு யாருமல்ல, நம் எமதர்மன்தான். அங்கே பாவங்களுக்கு வருந்திய பின் கண்ணைக் கட்டிக்கொண்டு, வெள்ளைத் துணி விரித்த மரப்பாலத்தைக் கடப்பார்கள். அக்கரை மறுவுலகம். உபா என்னும் மூதாட்டித் தெய்வத்தின் இருண்ட மண்டபத்தில் ஓதல் நடக்கும். பிறகு கதவுகள் திறக்க, தாங்கள் ஏறக்கூடாத மலை எதிரே தெரியும். விலக்கியவர்களே வகுத்த ஆறுதல் அது. இருந்தாலும் வந்த பெண்களுக்கு அது உண்மையான ஆறுதலாக இருந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தது. உபா மண்டபம் இடிக்கப்பட்டது, சடங்கு நின்றது. 1872இல் பெண்களுக்கான தடை நீங்கியது. ஆறுதல் போன பிறகே அனுமதி வந்தது.

முள்மலை சுருகியின் கதை இன்னும் சுவையானது. மகான் கோபோ தைஷி ஆயிரக்கணக்கான வைக்கோல் செருப்புகளைத் தேய்த்தும் ஏற முடியவில்லை என்பார்கள். 1907இல் ராணுவ நில அளவைத் துறையின் ஷிபசாக்கி யோஷிதாரோவின் குழு உச்சியை அடைந்தபோது, அங்கே துருப்பிடித்த வாள்முனையும் துறவியின் கைத்தடித் தலைப்பூணும் கிடந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே யாரோ ஏறியிருக்கிறார். பெயரை எங்கும் எழுதி வைக்காமல் இறங்கியிருக்கிறார்.

துணிப்பாலச் சடங்கு 1996இல் மீண்டும் தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜப்பான் செல்லும் வாய்ப்பு வந்தால், பனிச்சுவரைப் பார்க்க நேரே மேலே போய்விடாதீர்கள். அஷிகுராஜியில் இறங்குங்கள். தத்தெயாமா அருங்காட்சியகத்தில் மண்டல ஓவியங்களும், சுருகியில் கிடைத்த அந்தக் கைத்தடிப் பூணும் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பாருங்கள், பிறகு மலையேறுங்கள்.