முப்பத்தஞ்சு மணி நேரமா, ஏழு வருஷமா?

"விமானத்தின் வேகம் உறவுகளின் தூரத்தைக் குறைத்திருக்கிறதா, இல்லையா?" என்பது கேள்வி. "இல்லை" என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பேசினார். (சிரிப்பு) முந்திரிக்காட்டு ஊரில் அது குற்றமில்லை. அவர் சொன்ன கணக்கெல்லாம் சரி. 1970களில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு "எம்.வி. சிதம்பரம்" என்ற கப்பல் போனது. ஒரு வாரம் போலக் கடலிலே கிடக்கணும். இன்றைக்கு அதே சிங்கப்பூருக்கு விமானத்தில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம். சென்னையில் பஸ் ஏறிக் காடாம்புலியூர் வந்து சேரவும் அதே நாலு மணி நேரத்துக்குக் குறையாது! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னும் கேளுங்கள். சிங்கப்பூருக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் நடுவில் 2020 நவம்பரில் நேர் விமானம் விட்டார்கள். 15,300 கிலோமீட்டருக்கு மேல். எங்கேயும் இறங்காமல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கணும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான். எந்த ரெண்டு ஊருக்கும் நடுவில் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. மண்ணுல தூரத்துக்கு எல்லை இருக்கு. மனசுல இருக்கா, ஐயா?

இதே ஊரில் எனக்கு அத்தை முறையாகிற ஓர் அம்மா இருக்கிறார். ஒரே மகன், அமெரிக்காவில். வீட்டுச் சுவரில் ரெண்டு கடிகாரம். ஒன்று நம்ம நேரம், இன்னொன்று மகனுடைய நேரம். "இப்ப அவன் தூங்கியிருப்பான், போன் பண்ணக்கூடாது" என்று பார்த்துக்கொள்வதற்கு.

மாமா இறந்தபோது, உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு மகனுக்காகக் காத்திருந்தோம். வந்தான். அழுதான். கொள்ளி வைத்தான். கருமாதி பதினாறாம் நாள். அவன் திரும்பிப் போக டிக்கெட் ஆறாம் நாள்.

ராத்திரி அத்தை கேட்டார்: "எவ்வளவு நேரம்டா பிரயாணம்?"

"வாசல்லேர்ந்து வாசலுக்கு முப்பத்தஞ்சு மணி நேரம்மா."

"முப்பத்தஞ்சு மணி நேரந்தானா? நான் ஏழு வருஷம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

(அரங்கில் அமைதி)

அவன் கடைசியாக வந்து போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அவனை மட்டும் குறை சொல்ல நான் யார்? சிதம்பரத்தில் குடியிருக்கிறேன். ஒரே பஸ், ரெண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்தச் சாவுக்கு முன்னால் நான் இந்த வீட்டுப் படி மிதித்து ரெண்டு வருஷம். எனக்கு விசாவா வேணும்? விமானமா வேணும்? மனசு வேணும்!

பெரும்பாலான பழங்களுக்கு விதை உள்ளே இருக்கும். முந்திரிப் பழத்துக்குக் கொட்டை வெளியே தொங்கும். வெளியே இருந்தாலும் பழத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியூர்ப் பிள்ளைகளே, வெளியே இருங்கள், தப்பில்லை. ஒட்டிக்கொண்டிருங்கள். விமானம் கிலோமீட்டரைத்தான் குறைக்கும். தூரத்தைக் குறைக்கிறவன், புறப்படுகிற மனுஷன்தான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. (நீண்ட கைதட்டல்)