பாட்டில் மாத்திரம் சகோதரத்துவம் போதுமா?
(செல்லூரில் பேசியது)



2025 மார்ச்சில் இளையராஜா அவர்களின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியது முதல் அச்சொல் நம்மவர் வாயிலும் புழங்குகின்றது. சிம்பொனி என்பது பெரும்பாலும் வாத்தியங்களைக் கொண்டே நடப்பதாகும். பீதோவன் என்னும் ஜெர்மானியரோ தமது ஒன்பதாவது சிம்பொனியின் முடிவாகிய நாலாவது பாகத்தில் ஆண்களையும் பெண்களையும் கூட்டமாகப் பாட வைத்தார். பாட்டு, ஷில்லர் என்பவர் 1785ல் எழுதியது. மனிதர் யாவரும் சகோதரர் என்பது அதன் கருத்து. 1824 மே 7ந் தேதி வியன்னாவில் அது முதன்முதல் நடந்தபோது பீதோவனுக்குக் காது கேளாது. ஜனங்கள் கைதட்டுவதை அவர் காணும்படி, பாடிய பெண்ணொருத்தி அவரைத் திருப்பிவிட வேண்டியிருந்ததாம்.

இவ்வளவு உயர்ந்த பாட்டையே 1942 ஏப்ரலில் பெர்லினில் ஹிட்லர் பிறந்த நாள் கொண்டாட்டத்துக்கும் பாடினார்கள். யூதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த காலம் அது! பாட்டு ஒரு கொலையையாவது தடுத்ததா?

நம் நாட்டில் மாத்திரம் என்ன வாழ்ந்தது? மேடையில் எல்லோரும் ஒன்று என்று பாடிவிட்டு, டீக்கடையில் ஒரு ஜாதிக்கு வேறு குவளை வைத்த ஊர்கள் எத்தனை?

எனவே, கைதட்டினால் மாத்திரம் போதாது. பக்கத்துத் தறிக்காரர் எந்த ஜாதியானாலும் அவர் வீட்டில் நாம் கை நனைக்கின்றோமா, சம்பந்தம் செய்கின்றோமா என்பதே கேள்வி. அதைச் செய்தோமானால் அந்தப் பாட்டு நம்முடையதும் ஆகும்.