பிள்ளைகளின் இரகசியமும் ஓர் அமானிதமே

 

 

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்த காலம். பிள்ளைகளுடன் விளையாடிக்கொண்டிருந்த அவரை நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்டார்கள். நபியவர்களின் வேலையாகச் சென்றதாக மகன் சொன்னார். என்ன வேலை என்று கேட்டபோது, அது இரகசியம் என்றார். அந்தத் தாய் கோபிக்கவில்லை. துருவித் துருவிக் கேட்கவுமில்லை. அந்த இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிடாதே என்றே மகனுக்கு அறிவுறுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெற்ற தாயிடமும் சொல்லப்படாத ஒரு செய்தி பிள்ளையின் நெஞ்சில் இருக்கலாம் என்பதை அந்தத் தாய் ஏற்றுக்கொண்டார்களே, அதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

இதைச் சொல்ல எனக்கே தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பதினாறு வயது மாணவன் ஒருவன் இஷாவுக்குப் பின் என்னிடம் வந்தான். இரவில் உறக்கம் வருவதில்லை, புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு படபடக்கிறது, தொழுகையில் நிற்கும்போதும் எதற்கும் பயனற்றவன் என்ற எண்ணமே வருகிறது என்றான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நான் தலையசைத்தேன். மறுநாளே அவனுடைய அத்தாவிடம் சொல்லிவிட்டேன், நன்மையை நாடித்தான். அத்தா வீட்டில் அனைவர் முன்னிலையிலும் அவனைக் கேள்வி கேட்டிருக்கிறார். அதன்பின் அவன் நம் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அவனிடம் முதலில் கேட்டிருக்கலாம். 'உன்னுடன் நானும் வருகிறேன், இருவருமாக அத்தாவிடம் பேசுவோம்' என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நாள் பொறுமை என்னிடம் இல்லை.

உலகெங்கும் 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் மனநலக் குறைபாட்டோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் மஹல்லா அதற்கு விதிவிலக்கல்ல. நாமோ அதற்கு ஈமான் குறைவு என்று பெயர் வைக்கிறோம்; அல்லது ஜின்னின் வேலை என்று தாயத்துக்கு அலைகிறோம். மகனைப் பிரிந்த துயரில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் கூறுகிறது. பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதையும் கூறுகிறது. அவர்களுடைய ஈமானில் யார் குறை காண முடியும்? கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. காய்ச்சலுக்கு ஓதிவிட்டு மருத்துவரிடமும் செல்கிறோம் அல்லவா, அதுபோல இதற்கும் செல்லுங்கள் என்கிறேன்.

இளையோரே! 14416 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வீட்டிலோ வெளியிலோ எவரேனும் துன்புறுத்தினால் 1098 உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே எப்படித் தொடங்குவது என்று தயங்க வேண்டாம். 'இரண்டு வாரமாக உறக்கமில்லை' என்ற ஒரு வாக்கியமே போதும். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

இரகசியம் எதுவரை காக்கப்படும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகளை இரகசியமாகக் காக்கும் கடமையை மருத்துவர்களுக்கு விதித்துள்ளது. எனினும் உயிருக்கு ஆபத்து என்றால் அவர்கள் மௌனமாக இருக்க முடியாது. பிள்ளை மீது பாலியல் கொடுமை நடந்திருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு முறையான சிகிச்சை தொடங்கும்போது பெற்றோரோ பாதுகாவலரோ அறிய வேண்டியவையும் உண்டு. ஆகவே முதல் சந்திப்பிலேயே, 'நான் சொல்வதில் எதை யாரிடம் சொல்வீர்கள்?' என்று கேட்டுவிடுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் மட்டும் அதைத் தனியே சுமக்காதீர்கள். அந்த நேரத்திலேயே அருகிலுள்ள பெரியவர் ஒருவரை எழுப்புங்கள். அப்படி முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது மேற்சொன்ன 2017ஆம் ஆண்டின் சட்டம்.

பெற்றோர்களே! பல வீடுகளில் கைபேசி ஒன்றுதான்; அதுவும் அத்தாவின் சட்டைப்பையில். மகள் அதை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குச் சென்றால், திரும்பி வந்ததும் யாரிடம் பேசினாய் என்று எண்ணைத் தேடாதீர்கள். நாளை நிக்காஹ் பேச்சு வரும்போது இது தெரிந்துவிடுமே என்ற அச்சம் உங்களுக்கு இருப்பதை நான் அறிவேன். உம்மாக்கள் இந்த அச்சத்தை என்னிடம் அழுதே சொல்லியிருக்கிறார்கள். அந்த அச்சத்திற்காகச் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். தள்ளிப்போட்டதால் நோய் முற்றியதே அன்றி மறையவில்லை.

நம் பள்ளியில் உளூச் செய்யும் இடத்தின் சுவரில் 14416 என்ற எண் இன்று எழுதப்பட்டிருக்கிறது. பெண்கள் மதரஸாவில் கதவின் உட்புறத்தில் எழுதியிருக்கிறோம். அங்கே நின்று அதை யார் குறித்துக்கொள்கிறார் என்று எவரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.