பெயர் எழுதாத தூரிகைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

விழா நாளில் புலவர்களைப் போற்றுவது நம் மரபு. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியர் தென்காசிப் பாண்டியர் மரபில் வந்தவர். குற்றாலக் குறவஞ்சி தந்த திரிகூடராசப்பக் கவிராயர், இதோ அருகிலுள்ள மேலகரத்துக்காரர். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்து, 1954-இல் மறைந்தார். இவர்களைப் பற்றி நாம் பேசாத ஆண்டில்லை. இன்று நாம் பேசத் தவறிய சிலரைப் பற்றிப் பேச விழைகிறேன்.

நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் குற்றாலத்துச் சித்திரசபையும் ஒன்று. மற்றைய சபைகளில் ஆடல்வல்லானைத் திருமேனியாகத் தொழுகிறோம். இங்கே ஓவியமாகவே தொழுகிறோம். செம்பு வேய்ந்த கூரையின்கீழ்ச் சுவரெங்கும் தெய்வ வடிவங்கள், புராணக் காட்சிகள். வண்ணமே இறைவனாகி நிற்கும் இடம் அது.

அந்த வண்ணம் தீட்டிய கைகள் யாருடையவை? கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். அது குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. பாட்டெழுதியவரின் புகழை மண் சுமக்கிறது. படமெழுதியவரின் பெயரோ நம் நாவில் பயிலவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1792-இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் சென்னையிலிருந்து தென்திசைப் பயணம் புறப்பட்டனர். வில்லியம், தாமஸின் உடன்பிறந்தார் மகன். அவர்கள் நம் பாபநாசத்து அருவியையும் வரைந்தார்கள். இங்கிலாந்து திரும்பியபின், செப்புத் தகட்டில் பிசின்தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையில், 1795 முதல் 1808 வரை 144 படங்களை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற வரிசையாக வெளியிட்டார்கள். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்த அருவி தாளில் விழுந்துகொண்டிருக்கிறது.

அவர்கள் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. அச்சுப் படத்திற்குப் பல படிகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும். சுவரோவியத்திற்கு ஒரே படிதான். அதை அழிக்க ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும்.

இதை நான் கண்ணால் கண்டவன். சிறுவயதில் எங்கள் ஊர் மண்டபச் சுவரில் இருந்த படங்களைக் காட்டித்தான் என் பாட்டி எனக்குப் புராணம் சொன்னார்கள். பின்னர் ஒரு திருப்பணியின்போது அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் குற்றவுணர்வே இன்று என்னைப் பேச வைக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் ஊரைப் பொறுப்பேற்போம். கோயில், மண்டபம், பழைய வீடு என எங்கே ஓவியம் இருந்தாலும் படமெடுப்போம். எந்தக் காட்சி, எந்தச் சுவர் என்று குறித்துவைப்போம். எழுதியவர் குடும்பம் எது என்று முதியவர்களைக் கேட்போம். ஒரு படியை நம் வட்டத்திலும், மறுபடியை நூலகத்திலும் வைப்போம். குடமுழுக்கு அறிவிப்பு வந்தால், சுண்ணாம்பு வாளிக்கு முன்னே நாம் அங்கே நிற்போம்.

இருபதாம் ஆண்டு மலரில் புலவர் பெயர்களுக்கு அருகே ஓர் ஓவியர் பெயரேனும் அச்சேறுமானால், இந்த வட்டம் கூடியதன் பயனை அடைந்தோம் என்பேன்.