ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீர்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேச அழைத்தபோது "உங்க துறையைப் பத்திப் பேசுங்க" என்றார்கள். நான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இன்ஜினியர். ஆனால் இன்றைக்கு நான் பேசப் போவது உயிரியல். பிளஸ் டூவில் தவளைப் படம் வரையப் பயந்து கம்ப்யூட்டர் குரூப்புக்கு ஓடியவன் நான். என்னோடு ஓடி வந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள், தெரியும்!

நான்கு வருஷத்துக்கு முன்பு நடந்தது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வந்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்லி அதன் மேலேயே போட்டிருந்தது. "இத்தனூண்டு குழந்தை ஒரு லிட்டர் எப்படிக் குடிக்கும்? கெட்டியா குடுத்தா சீக்கிரம் கேட்கும்" என்று என் இன்ஜினியர் மூளை கணக்குப் போட்டது. முழுப் பாக்கெட்டையும் 250 மில்லி டம்ளரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். அம்மா மட்டும், "போட்டிருக்கிற மாதிரி கலக்கேண்டா" என்றார்கள். நான் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் போக்கு அதிகமானது. கண் குழி விழுந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்ஸ் அம்மா கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு தண்ணியில கலந்தீங்க சார்?" நான் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. பாப்பா பிழைத்தாள்.

அந்த இரண்டு ராத்திரி கட்டிலருகே உட்கார்ந்து, பதினாறு வயதில் நான் விட்டுவிட்டு வந்த பாடத்தைப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர் மூலக்கூறில் ஆக்ஸிஜன் பக்கம் லேசான எதிர்மின் சாயல், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின் சாயல். அதனால்தான் உப்பைப் போட்டவுடன் தண்ணீர் அதைச் சோடியம், குளோரைடு என்று தனித்தனி அயனிகளாகப் பிரித்துச் சூழ்ந்துகொள்கிறது. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வோ இரண்டடுக்குக் கொழுப்பு. ஒரு லட்சம் சவ்வுகளுக்கு மேல் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது இல்லையா? அதனால் அயனிகள் அதைத் தாமாகக் கடக்க முடியாது. கதவு வேண்டும். அந்தக் கதவுகள் புரதங்கள்.

சிறுகுடல் செல்லில் ஒரு விசித்திரக் கதவு இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகள் ஒரு குளூக்கோஸோடு ஜோடி சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இப்படி ஓர் இணைப்பு இருக்கிறதென்று 1960-இல் ராபர்ட் கிரேன் சொன்னார். உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கம், ரத்தத்தை நோக்கி வெளியேற்ற ஒரு பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். அந்தப் பம்பைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கூவுக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. உப்பும் சர்க்கரையும் இப்படி உள்ளே போனால், தண்ணீர் பின்னாலேயே போகும். அதுதான் சவ்வூடு பரவல். காலராவிலும் இந்தக் கதவு பழுதாவதில்லை. உப்போடு குளூக்கோஸ் சேர்ப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்திருந்த பொன்காவில், சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமான பிறகு, 2023-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். கரைந்த துகள்களின் செறிவை ஆஸ்மோலாரிட்டி என்பார்கள். நம் ரத்தத்தில் அது சுமார் 290. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தியமைத்த ஓ.ஆர்.எஸ்.-இல் 245. ரத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் தண்ணீர் உடம்புக்குள் போகும். நான் கலந்ததோ நாலு மடங்கு, 980! தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குத் திரும்பி ஓடியிருக்கிறது. கடல்நீரின் செறிவு எவ்வளவு தெரியுமா? ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். ஆக, நான் என் குழந்தைக்குப் புகட்டியது, செறிவுக் கணக்கில், கிட்டத்தட்ட கடல்நீர்.

நண்பர்களே, கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் சுமார் 27 பார். அதை மீறித் தள்ள 55, 60 பார் அழுத்தம் கொடுப்பதுதான் என் தினசரி வேலை. இதே கல்லூரியில், முதல் வருஷ கெமிஸ்ட்ரியில், "தண்ணீர்" யூனிட்டில் இதை மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆலையில் தெரிந்த அதே விதி என் மகளின் வயிற்றிலும் வேலை செய்கிறது என்று மட்டும் தோன்றவே இல்லை. "அது வேற டிபார்ட்மெண்ட்" என்று நினைத்துவிட்டேன். படிக்காத அம்மாவுக்கு அளவு தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

தம்பி தங்கைகளே, டிபார்ட்மெண்ட் பிரித்தது நம் வசதிக்காக. தண்ணீருக்கு அந்தச் சுவர் தெரியாது. பக்கத்து டிபார்ட்மெண்ட் புத்தகம் ஒன்றை வருஷத்துக்கு ஒரு தடவையாவது லைப்ரரியில் எடுத்துப் படியுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் இன்னொன்றும் செய்யுங்கள்: வீட்டிலிருக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை மில்லி போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. அதே அளவு தண்ணீர். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

என் மகள் இந்த வருஷம் முதல் வகுப்பு. அதோ, அவள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.